இரண்டு விமானக் கம்பெனிகளும் ஒரு வழித்துணையும்

நர்ஸ் படிப்பை மதராஸில் முடித்த கையோடு எனக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் எங்கள் பங்கில் இருந்து அதற்கு முன் யாரும் விமானத்தில் போனதில்லை. பங்குச் சாமியார் ஒருவர் ரோமுக்குப் போனார், அவரும் கப்பலில்தான் போனார். அதனால் எனக்கு யோசனை சொல்ல ஆளில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பம்பாய் போய்ச் சேர்வதற்குள் அது தீர்ந்துவிட்டது.

அந்த முதல் விமானம் ஒரு ஐரோப்பியக் கம்பெனியுடையது. பெயர் வேண்டாம். எகானமி கிளாஸில் வழியின் இருபுறமும் மும்மூன்று நாற்காலிகள். நான் நடுவில். ஏறியதும் ஒரு பெண் தட்டில் பெப்பர்மின்ட் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்தாள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். போர்வையை அவள் விரித்த விதத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் வார்டில் வேலை பார்த்துப் பழகியவள், ஆகையால் என் கண் அங்கேதான் போனது. மணியை அழுத்தினால் உடனே வந்தாள். தண்ணீர் கேட்டால் தண்ணீர், மாத்திரை கேட்டால் மாத்திரை. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே அளவு. சாப்பாடு சூடாக வந்தது; தட்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கு இறங்கியது.

வசதி என்று பார்த்தால் வேறு கதை. முன்னால் இருந்தவர் நாற்காலியைச் சாய்த்தபோது என் முழங்கால் அவர் முதுகில் இடித்தது. தரையில் இருந்து குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. புடவைக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டும் விரல் மரத்துப்போனது. இரண்டு பக்கமும் சிகரெட். லண்டனில் இறங்கியபோது என் ரவிக்கையே புகையிலைக் கடை மாதிரி நாறியது. ஆனாலும் நல்ல கம்பெனி என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்து ஆபரேஷன் என்றார்கள். அவசரமாக ஊருக்கு வர இடம் கிடைத்தது இன்னொரு கம்பெனியில். அது கிழக்கத்திய நாடு ஒன்றின் கம்பெனி. லண்டனிலேயே அரை நாள் காக்க வைத்தார்கள். என் நாற்காலி பின்னால் சாயவில்லை. அழுத்துகிற பித்தான் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனாள். என்னைப் பார்த்துவிட்டு நின்று, நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று கேட்டாள். அவளுக்கு நான்கு தங்கைகளாம். எல்லாருக்கும் இவள் சம்பளத்தில்தான் படிப்பாம். பேசிவிட்டுப் போய்விட்டாள். நான் கேட்க நினைத்த தண்ணீரைக் கேட்கவே இல்லை.

சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல முடியாது. சோறு இருந்தது. குழம்பு மாதிரி ஒன்றும் இருந்தது. போதும் என்றாலும் இன்னொரு கரண்டி வைத்தார்கள். ஒரு கைக்குழந்தைக்குப் போர்வை இல்லை என்றதும் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மேலிருந்து போர்வையை உருவிக்கொண்டு போய்ப் போர்த்தினாள். அவர் விழிக்கவில்லை. என் பெட்டி வழியில் விமானம் இறங்கிய பெய்ரூட்டிலேயே தங்கிவிட்டது. நான் சேலம் வந்து, அப்பாவின் கண்கட்டை அவிழ்த்த பிறகுதான் அது ரயிலில் வந்து சேர்ந்தது.

என் அண்ணன் அப்போது மோகனூர் பக்கம் சர்க்கரை மில்லில் கரும்பு எடை போடுகிற இடத்தில் குமாஸ்தா. தங்கை லண்டனில் இருந்து விமானத்தில் வந்திருக்கிறாள் என்று அவன் மில்லில் சொல்லியிருக்கிறான். அந்தச் சேதி கரும்பு வண்டியோடு பரமத்தி வேலூருக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு தார் பூவன் பழம்.

"நர்ஸம்மா ஊடு இதானுங்களா?"

அந்த வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வைத்திருக்கிற கவுண்டர் அவர். ஒரே மகள். மருமகன் டாக்டர், இங்கிலாந்தில். மகள் மாசமாக இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் அழுகிறாள். அவரால் கொடிக்காலை விட்டு வர முடியாது. சம்சாரத்தைத் தனியாக அனுப்பவும் பயம். நான் திரும்பிப் போகும்போது துணைக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் அதை உடனே கேட்கவில்லை. முதலில் விமானத்தை விசாரித்தார்.

"சீட்டு நம்ம பஸ்ஸு சீட்டு மாதிரிங்களா, இல்ல அகலமுங்களா?"

"பஸ்ஸைவிடக் கொஞ்சம் அகலம்ங்க. ஆனா ராத்திரியும் பகலும் அதுலயே உட்காரணும்."

"சாஞ்சுக்கலாமுங்களா?"

"ஒண்ணுல சாஞ்சுக்கலாம். இன்னொண்ணுல எனக்குச் சாயல."

அந்தப் பதிலில் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு கம்பெனியைப் பற்றியும் நான் பட்டதைச் சொன்னேன். நேரம், சாப்பாடு, மணி, போர்வை, பெட்டி எல்லாம். கவுண்டர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எங்கூர்ல இருந்து நாமக்கல்லுக்கு ரெண்டு பஸ்ஸு ஓடுதுங்க. ஒண்ணு டயத்துக்கு வரும். கை காட்டுனா நிக்காது, ஸ்டாப்புல நின்னாத்தான். இன்னொண்ணு எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. ஆனா ஆளு ஓடியாறதப் பாத்தா ரிவர்ஸ்ல வந்து ஏத்திக்குவானுங்க."

"அப்படித்தாங்க இதுவும்."

"அப்ப டயத்துக்குப் போறதுலயே போடுங்க. பிரசவத்துக்குப் போறதுங்க. நேரத்துக்குப் போகோணும்."

அப்புறம்தான் துணை விஷயத்தைக் கேட்டார். அம்மா சமையலறையில் இருந்து எனக்குத் தலையாட்டினாள். நானும் சரி என்றேன்.

கவுண்டரின் சம்சாரமான அந்த அம்மாளை முதலில் சேலம் ஜங்ஷனில் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. பின்கொசுவம் வைத்துக் கட்டிய பழுப்பு நிறப் புடவை, காதில் கனமான தோடு. பிரசவம் நல்லபடி முடிகிறவரை கவிச்சி தொடுவதில்லை என்று வேண்டுதல். ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டையில் வைத்துக் கட்டிய வெற்றிலை ஒரு கட்டு கையில். பம்பாய் மெயிலில் மூன்றாம் வகுப்பில் இரண்டு நாள் போனோம். அவர் எதற்கும் சிரமப்படவில்லை. குண்டக்கல்லுக்கு முன்பே பெட்டியில் இருந்த பாதிப் பேரோடு உறவாகிவிட்டார். தெலுங்குப் பெண் ஒருத்தியோடு, ஒரு வார்த்தை ஒத்துப்போகாமல், வெகுநேரம் பேசிக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் வெற்றிலைக் கட்டைப் பார்த்துச் சுங்க அதிகாரி ஏதோ கேட்டார். நான் விளக்கினேன். அவர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

கவுண்டர் சொன்னபடி ஐரோப்பியக் கம்பெனிதான். விமானத்துக்குள் போனபோதுதான் குழப்பம். எனக்கு ஜன்னலோரம், அவருக்கு என் பக்கத்து நாற்காலி, ஓரத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞன். நாங்கள் உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய உடம்புக்காரர், தலைப்பாகை கட்டிய சர்தார், தன் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் அந்த அம்மாளுக்கும் ஒரே நம்பர். கம்பெனிக்காரர்கள் தப்பு செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இங்கேயும் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பணிப்பெண், இரண்டு டிக்கெட்டையும் பார்த்தாள், முகத்தில் எதுவும் காட்டவில்லை. முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து, எகானமியில் வேறு இடம் இல்லை என்றும், வயதானவர் என்பதால் அந்த அம்மாளை முதல் வகுப்பில் உட்கார வைக்கப் போவதாகவும் சொன்னாள். கூடுதல் கட்டணம் கிடையாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அம்மா, உங்களுக்கு யோகம். முன்னால பெரிய சீட்டு. காலை நீட்டிப் படுத்துக்கலாம்" என்றேன்.

"நீங்க?"

"எனக்கு இங்கதான். நீங்க போங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். திரை அவர் பின்னால் மூடிக்கொண்டது.

விமானம் கிளம்பியது. மிட்டாய் வந்தது. சர்தார் இரண்டு நாற்காலிக்கு வேண்டிய ஆள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டார், பாவம். சாப்பாட்டுத் தட்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாளுக்குச் சைவச் சாப்பாடு என்று நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்து, சர்தாரின் முன்னால் உட்கார்ந்திருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கும் பட்டாணியும். அவர் அதை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து திரை வரைக்கும் போனேன். கையுறைப் பெண் நடுவில் நின்றுகொண்டாள். எகானமிப் பயணிகள் முன்பகுதிக்குப் போகக் கூடாது என்றாள். விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டைத் தானே கவனித்துக்கொள்வதாகச் சொன்னாள். கோபமே இல்லை. சொன்ன மாதிரி தட்டை வாங்கிக்கொண்டு போனாள், சர்தாருக்கு வேறு தட்டு கொண்டுவந்தாள். நான் அந்த அம்மாளை ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வருந்துகிறேன் என்றாள். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்ததும் நாங்கள் வாசலில் நின்று சொல்கிற அதே வார்த்தை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்து, சிகரெட் பற்றவைத்து, அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். அப்போது முன்னால் இருந்து ஒரு குரல்.

"அம்மிணீ! ஏனுங் அம்மிணீ!"

ஒரு வயலில் இருந்து மறு வயலுக்குக் கூப்பிடுகிற குரல். எனக்கு முன்னால் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. திரையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் நின்றார். காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் நேராக நடந்து வந்தார். கையுறைப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்னுங்க, நல்லாத்தான் இருக்குது."

"சாப்பாடு வந்துதா?"

"வந்துதுங்க. அதுக்கு முன்னால ஒருத்தன் வண்டில ஒரு முழு மிருகத்தவே வெச்சுத் தள்ளீட்டு வந்து கத்தியத் தீட்டறான். கண்ண மூடிக்கிட்டனுங்க."

"சீட்டு வசதியா இல்லையா?"

"மெத்தையாட்டம் இருக்குது சாமி. குறை சொல்லக் கூடாது. பக்கத்துல ஒருத்தர் பேப்பரு படிக்கறாரு, படிக்கறாரு, படிச்சுக்கிட்டே இருக்கறாரு. நான் ஒருத்தி உக்காந்திருக்கறதே அவருக்குத் தெரியலீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாம எத்தன நேரம் உக்கார்றது? மொளக்குச்சி அடிச்சு மாட்டக் கட்டிப் போட்டாப்பல இருக்குது. நான் இங்கயே இருந்துக்கறனுங்க."

கையுறைப் பெண் அவரைத் தன் இடத்துக்குத் திரும்பச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

"என்ர சீட்டு இதுதானுங்க. டிக்கெட்டுல நம்பர் போட்டிருக்குதே" என்று அவர் சர்தாரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

சர்தாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவசரமாகப் பெல்ட்டை அவிழ்த்தார். "நான் முன்னால் போய்க்கொள்கிறேன், இந்தத் தாய் இங்கே இருக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் குரலில் இருந்த பெருந்தன்மையை நான் முழுக்க நம்பவில்லை. கையுறைப் பெண்ணும் நம்பவில்லை. எகானமி டிக்கெட் வைத்திருப்பவரை இரண்டாவது முறை மாற்றுவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை, கேட்டு வருகிறேன் என்று போனாள்.

அவள் திரும்பி வர நேரமானது. அந்த அம்மாள் நடைவழியிலேயே நின்றார். என் இடத்தில் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை. விமானம் ஆடியபோது வெள்ளைக்கார இளைஞன் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனும் உட்காராமல் நின்றான். சர்தாரும் எழுந்தவர் எழுந்தபடியே, தலைப்பாகை கூரையில் இடிக்க, குனிந்து நின்றார். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். எனக்குக் கூச்சமாக இருந்ததால் நானும் எழுந்தேன்.

கடைசியில் நரைத்த தலையோடு தலைமை ஸ்டூவர்ட் வந்தார். நான்கு பேரும் நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்து லேசாகக் குனிந்தார். பிறகு சர்தாரிடம், "வாருங்கள் ஐயா" என்றார். அவ்வளவுதான். கையுறைப் பெண் உடனே புதுத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து, உறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, நடு நாற்காலியில் வைத்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்துச் சர்தார் மறந்துபோன ஷூவை எடுக்க வந்தார். அங்கே என்னென்ன கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"நல்ல மனுசன். எந்தூருங்களாமா?" என்றார் அந்த அம்மாள்.

நான் விசாரிக்கவில்லை என்றேன். இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லையா என்று ஆச்சரியப்பட்டார்.

அவர் அந்தக் குறுகிய நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னால் அது முடிந்திருக்காது. வெற்றிலை போட்டுக்கொண்டார். துப்புவதற்கு, வாந்திக்கு வைத்திருந்த காகிதப் பையைக் கொடுத்தேன். அந்த இளைஞனுக்கும் ஒரு வெற்றிலை நீட்டினார். அவன் மென்று பார்த்து, கண்ணில் நீர் வர, நன்றி சொன்னான். பிறகு மகளைப் பற்றிப் பேசினார், கொடிக்காலைப் பற்றிப் பேசினார், காவிரியில் தண்ணீர் ஏறின வருஷத்தில் கொடி படர நட்ட அகத்தி மரங்களோடு வெற்றிலைக் கொடியும் போனதைப் பேசினார். பேசிக்கொண்டே என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். தலையில் விளக்கெண்ணெய் வாசம். என் தோள் மரத்துப்போனது. நகர்த்தினால் விழித்துவிடுவாரோ என்று அப்படியே இருந்தேன். ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கச் சொன்னபோதுதான் கையை அசைக்க முடிந்தது.

லண்டனுக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மருமகன் காரோடு வந்திருந்தார். இரண்டு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நான் பணிபுரிந்த ஊரில் இருந்து அவர்கள் இருந்த இடம் ரயிலில் போகிற தூரம்தான், ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் கோழிக்குழம்பு வைத்திருந்தார். வேண்டுதல் முடிந்துவிட்டதாம்.

திரும்பிப் போகும்போது நான் துணைக்குப் போக முடியவில்லை. அவர் தானாகவே அந்தக் கிழக்கத்தியக் கம்பெனியில்தான் போவேன் என்று மருமகனிடம் சொல்லிவிட்டார். நான் ரயிலில் சொன்ன கதையில் இருந்து அந்த நான்கு தங்கைகள் உள்ள பெண்ணை அவர் மனதில் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கலாமே என்றார். ஒரு கம்பெனியில் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள், அவள் அன்றைக்கு வரமாட்டாள் என்று சொல்லிப் பார்த்தேன். விமானம் தாமதமாகும், பெட்டி தொலையும் என்றும் சொன்னேன். "இருக்கட்டுமுங்க" என்றார். அவள் வரவில்லை. விமானம் தாமதமானது. பெய்ரூட்டில் ஒரு ஹோட்டலில் மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்க வைத்தார்களாம். அதில் ஒருத்திக்குப் புடவை கட்டக் கற்றுக்கொடுத்ததாகப் பிற்பாடு சொன்னார். பெட்டி மட்டும் தொலையவில்லை.

அதற்குப் பிறகு நான் பலமுறை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஐரோப்பியக் கம்பெனிதான். என் முதுகுக்கும் லீவு நாட்களுக்கும் அதுதான் சரிப்பட்டது. யாராவது கேட்டால் அதையே சொல்லுவேன்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் வந்தபோது அந்த அம்மாள் தனியாகவே கிளம்பி வந்தார், அதே தாமதக் கம்பெனியில். மருமகனுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி இருந்ததால் அழைத்து வர நான் விமான நிலையத்துக்குப் போனேன். வெகுநேரம் காத்திருந்தேன். வெளியே வந்தபோது கூட இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு. அவர்களிடம் விடைபெறவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீட்டு எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு சாமி. அதெல்லாம் அப்பறம் சொல்றனுங்க. மொதல்ல கக்கூஸு எங்கன்னு காட்டுங்க. ஏரோப்ளேன்ல கதவச் சாத்துனா தொறக்காதோன்னு பயந்துக்கிட்டு, எறக்கி விட்ட ஊர்ல போனதோட சரி."

நாங்கள் சேர்ந்து வந்த தடவை நான் கக்கூஸுக்கு வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை யாரிடமும் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம், அந்த இரண்டு பெண்களிடம்கூட. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் வேகமாக நடந்தேன்.